வாங்கும் முன்: தம்பி எழுத்துக்கு 3,500 ரூபாயா?

குடியாத்தத்தில் மழலையர் பள்ளி வைத்திருக்கிறேன். போர்டு செய்தவர், குண்டு குண்டான ஒரு தமிழ் எழுத்தைக் காட்டி, "காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்" என்று தனியாக 3,500 ரூபாய் பில் போட்டார். அது பலூ தம்பி என்ற ஃபான்ட், இலவசம் என்று இப்போது தெரிகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

தயங்காமல் கேளுங்கள் அம்மா, உங்கள் மேல் தப்பே இல்லை. பலூ தம்பி ஏக் டைப் என்ற குழு செய்தது. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி என்று மொழிக்கொரு பெயர். கூகுள் ஃபான்ட்ஸ் என்ற இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம், கடை போர்டுக்கும் போடலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்று அதன் உரிமத்திலேயே இருக்கிறது. போர்டு வடிவமைத்த கூலி வேறு, அது அவர் உழைப்பு. ஃபான்ட் விலை என்று பில்லில் இருக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும், கடிதம் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். "வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்பார் போர்டுக்காரர். சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் செய்பவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

பல வருடம் முன்பு வேலூரில் ஒரு கடையில் நானும் தமிழ் ஃபான்ட் சிடி வாங்கினேன். எல்லாம் யூனிகோடு என்ற, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு வராத காலத்துச் சரக்கு. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. கடைக்காரர் திரும்ப வாங்கவே இல்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காட்பாடியில் பிரியாணிக் கடை. ஃப்ளெக்ஸில் "கோழி"யின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் மாதிரி (ப்ரூஃப்) வாட்ஸ்அப்பில் வந்தது, பார்க்காமல் ஓகே போட்டுவிட்டேன்.

ஏன் பார்க்கவில்லை? ப்ரூஃபிலேயே தப்பு இருந்தால் நஷ்டம் உங்களுடையது. அங்கே சரியாக இருந்து அச்சில் கெட்டிருந்தால் மட்டும் அவர் மாற்றித் தர வேண்டும். தமிழ் யூனிகோடைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருளில் கொம்பு இப்படித்தான் இடம் மாறும். இனி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு ஓகே போடுங்கள்.

இரங்கல் போஸ்டருக்குத் தம்பி எழுத்து வைக்கலாமா? (வாணியம்பாடி)

வேண்டாம்.

ஆற்காட்டில் வீட்டிலேயே முறுக்கு போட்டு விற்கிறோம். லேபிள் முழுக்க அந்தக் குண்டு எழுத்திலேயே அடிக்கலாமா?

பெயருக்கு மட்டும் அடியுங்கள். "முறுக்கு" என்று பெரிதாகப் போட்டால் குழந்தை கை நீட்டும். அதே எழுத்தைப் பொடியாக்கி, அதில் சேர்த்த பொருள்களையும் தேதியையும் அடித்தால் கண் நோகும். மூன்று சுழி ண-வின் சுழிகள் மை அப்பி அடைத்துக்கொள்ளும், "எண்ணெய்" கறுப்புத் திட்டாகிவிடும். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிக் காலாவதி தேதியைத் தேடும் வயசானவர்களைக் கடையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருப்பவருக்கு அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம். பலூ தம்பி 2 என்ற அதன் அடுத்த பதிப்பில் 5 தடிமன் இருக்கிறது, பொடி எழுத்துக்கு அதில் மெலிந்ததை எடுங்கள். லேபிளை அதே அளவில் ஒரு தாளில் அடித்து, வீட்டில் பெரியவர் யாரையாவது கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள்.