ரீலை நிறுத்துங்க, வாக்கிங்கை இல்ல

கேள்வி: எனக்கு பிசிஓடி, அதாவது பீரியட்ஸ் தள்ளிப்போற சினைப்பை-ஹார்மோன் கோளாறு. மூணு மாசமா சாயங்காலம் அம்மாவோட வாக்கிங் போறேன், ஒரு கிலோ கூட இறங்கல. ரத்த டெஸ்ட்ல சிஆர்பி, அதான் உடம்புல இன்ஃப்ளமேஷன் (அழற்சி) இருக்கான்னு காட்டுற நம்பர், 4 வந்திருக்கு. இன்ஃப்ளமேஷன் இருக்கும்போது வாக்கிங் மாதிரி கார்டியோ பண்ணா கார்டிசால்ங்குற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறி இன்னும் மோசமாகும்னு ஒரு ரீல்ல சொல்றாங்க. நிறுத்திடட்டுமா சார்?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அந்த ரீலோட கடைசில ஏதாச்சும் பவுடர் விக்கிறாங்களான்னு பாத்தீங்களாம்மா? வேகமா நடந்தா கார்டிசால் கொஞ்ச நேரம் ஏறலாம், அப்புறம் தானா இறங்கிடும், அதுக்குப் போய் பயந்துகிட்டு உக்காந்துட்டா தான் மோசம். பிசிஓடி இருக்குற பொண்ணுங்களுக்கு, ஒல்லியா இருந்தாலும் கூட, சிஆர்பி சராசரியா கொஞ்சம் கூடுதலா தான் இருக்கும். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்காக காத்துகிட்டு இருக்காம ரத்தத்துல இருக்குற சர்க்கரைய அதுவே இழுத்துக்குது, அதோட இன்ஃப்ளமேஷன அடக்குற சில பொருளையும் ரத்தத்துல விடுது, வயித்துக்குள்ள இருக்குற கொழுப்பும் மெல்ல கரையுது. இதுல எதையும் உங்க வீட்டு வெயிட் மெஷின் காட்டாது. டாக்டர்களுக்காக 2023ல வந்த பிசிஓடி பத்தின சர்வதேச வழிகாட்டுதல்லயே, எடை குறையலன்னாலும் உடற்பயிற்சியால பலன் உண்டுன்னு தான் இருக்கு.

ஆனா நீங்க போறது வாக்கிங் தானா? எம்.சி. ரோட்டுல கடை கடையா நைட்டி விலை கேட்டுகிட்டு போறதெல்லாம் கணக்குல வராது. பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது, அந்த வேகம் வேணும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது, கூடவே ரெண்டு நாள் வெயிட் தூக்குற பயிற்சி, அடுத்தடுத்த நாள்ல வேணாம். ராபின்சன் பார்க் பக்கத்துல தான இருக்கு, 1949ல கொட்டுற மழைல திமுகவையே தொடங்கின எடம், ஒரு பொண்ணு வேகமா நடக்க எடம் இல்லாமயா போயிடும்? அம்மா பின்னாடி மெதுவா வரட்டும்.

சளி, ஈறு வீக்கம் இருந்தா கூட சிஆர்பி ஏறும், அதனால உடம்பு நல்லா இருக்கும்போது இன்னொரு தடவ எடுங்க. நடந்தா எல்லாருக்கும் அந்த நம்பர் இறங்கியே தீரும்னும் இல்ல. இடுப்பு சுத்தளவு, சுகர், பீரியட்ஸ் தேதி, இதெல்லாம் எழுதி வைங்க. மூணு மாசம் தாண்டியும் பீரியட்ஸ் வரலன்னா எங்களுக்கு லெட்டர் போடாதீங்க, லேடி டாக்டர போய் பாருங்க, கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிருக்கான்னு அவங்க தான் பாக்கணும். மாத்திரை ஏதாச்சும் எழுதி குடுத்திருந்தா அத நீங்களா நிறுத்தாதீங்க.