24 வயதில் வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொறியியல் முடித்து வேலைக்கும் போகிறீர்கள், சம்பளம் வருகிறது, ஆனால் எதற்காக ஓடுகிறோம் என்று தெரியவில்லை என்கிறீர்கள். முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதா? அப்படியானால் இது மனச்சோர்வாக இருக்கலாம். 14416-ஐ அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. அதைச் சரிசெய்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

அப்படி இல்லையென்றால், யோசிப்பதை நிறுத்திவிட்டு ஏதாவது ஒன்றைச் செய்து பாருங்கள். உட்கார்ந்து யோசித்தால் ஏற்கெனவே தெரிந்த நாலைந்து வேலைகளையே மனம் சுற்றிவரும்.

12 வாரம், வாரத்துக்கு 5 மணி நேரம், ஒரே ஒரு வேலை. மொத்தம் 60 மணி நேரம்தான். ஆனால் அந்த வேலைக்காகக் காத்திருக்கும் நிஜமான ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். சொல்லிக்கொடுப்பது பிடிக்குமோ என்று தோன்றினால், தெருவில் நாலு பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்துங்கள். விவசாயம் என்றால் தெரிந்தவர் வயலில் களையெடுப்பிலிருந்து மூட்டை மண்டிக்குப் போவது வரை கூடவே நில்லுங்கள். யூடியூபில் பாடம் பார்ப்பதும் சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுவதும் இந்தக் கணக்கில் சேராது. பலர் சறுக்குவது இங்கேதான்: தயாராவதிலேயே வருடம் போய்விடுகிறது, யாருக்கும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் சலிப்பு வரும். புதுமை தீர்ந்திருக்கும், திறமை இன்னும் வந்திருக்காது. 'இது எனக்கானது இல்லை' என்று விட்டுவிடத் தோன்றும். ஓ'கீஃப், ட்வெக், வால்டன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருப்பது, கண்டெடுத்தால் போதும் என்று நம்பியவர்களுக்கு, விஷயம் கடினமானதும் ஆர்வம் அதிகமாக வடிந்தது. ஆர்வம் வளர்த்தெடுக்கக்கூடியது என்று நினைத்தவர்களுக்கு அவ்வளவு வடியவில்லை. ஆகவே ஆறாவது வாரம் வரை எந்தத் தீர்ப்பும் வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: நேரம் போனதே தெரியாத இடம் எது, எரிச்சல் தந்தது எது, இன்று யாருக்கு என்ன பயன். கடைசியில் அந்த எரிச்சல் வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். விடைத்தாள் திருத்தாத ஆசிரியர் கிடையாது, நடு ராத்திரியில் மோட்டார் போடப் போகாத விவசாயி அபூர்வம். யாரும் தள்ளாமலே எந்த எரிச்சலைத் தாங்கிக்கொண்டு மறுபடி போனீர்களோ, அந்த வேலை உங்களுக்கு ஒட்டும். பிடித்த பகுதியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடித்தனத்தை எடைபோடுவது மாதிரி.

இதற்காக இப்போதைய வேலையை விடாதீர்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் விட்டால், மூன்றாவது மாதம் கிடைத்த வேலையில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

அரசுத் தேர்வு என்று முடிவெடுத்தால் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அதில் தோல்வி ஒவ்வொரு முறையும் 'இன்னும் கொஞ்சம்தான்' என்ற முகத்தோடு வரும். எத்தனை முறை எழுதுவேன், எந்த வயதில் நிறுத்துவேன் என்று படிக்கத் தொடங்கும் முன்பே தேதி போட்டு எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.