மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போய்ப் படித்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர்களோடு உண்மையிலேயே பழக முடிகிறதா?

எனக்கு முடிந்தது. ஆனால் பாடம் நடக்கும்போது இல்லை; கையில் தரை துடைக்கும் துணி வந்த பிறகுதான்.

நான் திருச்சிக்காரி. ஆசிய நாடுகளின் பள்ளி மாணவர்களுக்காக ஜப்பான் கல்வி அமைச்சகம் 2018-ல் தொடங்கிய 'காகெஹாஷி' திட்டத்தில் தேர்வாகி, அந்த வருடமே போய் 2019 மார்ச்சில் திரும்பினேன். காகெஹாஷி என்றால் பாலம். எனக்குக் கிடைத்த ஊர் கனஸாவா. மழைக்குப் பேர்போன ஊர். 'சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழியே உண்டு.

முதல் சில வாரங்கள் கஷ்டமாக இருந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் யாரும் தானாக வந்து பேசவும் இல்லை. என்னோடு ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்குமோ என்று அவர்களுக்குக் கூச்சம். மதியம் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி வாட்ஸ்அப்பில் அம்மாவிடம் அழுவேன்.

அங்கே வகுப்பறையையும் நடைபாதையையும் மாணவர்களே சுத்தம் செய்ய வேண்டும். துடைக்கும் துணிக்கு ஸோகின் என்று பெயர். ஒருநாள் நான் நம் வீட்டில் செய்வதுபோல துணியைக் குறுக்கே முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, துணியை நெட்டுக்குத்தாகத் திருப்பினாள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, இரண்டும் உள்பக்கமாகச் சுழல வேண்டும். 'கோ' என்றாள். 'இப்படி' என்று அர்த்தம். துணியில் இன்னும் அவ்வளவு தண்ணீர் இருந்திருக்கிறது! அப்புறம் இருவரும் உள்ளங்கைகளைத் துணிமேல் வைத்து, குனிந்தபடியே நடைபாதையின் கடைசிவரை ஓடித் துடைத்தோம். மூச்சு வாங்கச் சிரித்தோம்.

அவள்தான் என்னைக் கெண்டோ குழுவுக்குக் கூட்டிப்போனாள். மூங்கில் வாள் சண்டை. சனிக்கிழமை காலையிலும் பயிற்சி உண்டு. குளிர்காலத்திலும் மரத்தரையில் வெறுங்கால்தான். வாள் எதிராளிமேல் படும் கணத்தில் பிடியை இறுக்குவது எப்படி என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். 'துணி பிழிவதுபோல' என்றார். யாரும் மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்தது.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் யோசித்து ஜப்பானிய மொழி பேசியவரை எல்லாம் தலைகீழாக வந்தது. தமிழில் யோசிக்க ஆரம்பித்ததும் வாக்கியம் தானாக உட்கார்ந்தது. 'பள்ளிக்குப் போகிறேன்' என்பது 'கக்கோ நி இகிமாஸ்'. நம் 'க்கு' இருக்கும் இடத்தில் அங்கே 'நி', கடைசியில் வினைச்சொல். மூத்த மாணவரைக் குறிக்கும் 'செம்பாய்' என்ற சொல்லும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. மேல்வகுப்பு மாணவியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கும்தானே வாய் வராது.

ஞாயிறு நான் தங்கியிருந்த வீட்டாருக்கு. நான் சைவம். அங்கே சூப்பில்கூட மீன் சாறுதான் அடிப்படை. அந்த வீட்டு அம்மா எனக்காகக் கொம்பு என்ற கடற்பாசியை ராத்திரியே ஊறவைத்து அந்தத் தண்ணீரில் மிஸோ சூப் வைத்தார். ஒரு ஞாயிறு எல்லோரும் கென்ரொகுஎன் தோட்டத்துக்குப் போனோம். பனியின் பாரத்தில் கிளை ஒடியாமல் இருக்க, பைன் மரங்களுக்குக் கூடாரம்போலக் கயிறு கட்டியிருந்தார்கள். வார இறுதியில் அந்த மாகாணத்துக்காரர்களுக்கு நுழைவு இலவசம். வாசலில் என் குடியிருப்பு அட்டையை நீட்டினேன். முகவரியைப் பார்த்துவிட்டு என்னையும் சும்மா உள்ளே விட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் குளியல் தொட்டி ஒன்றுதான். வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, அதே வெந்நீரில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி உட்கார வேண்டும். விருந்தாளி என்பதால் மாதக்கணக்கில் எனக்கே முதல் முறை. டிசம்பரில் ஒருநாள் வீட்டுத் தம்பி எனக்கு முன்னால் ஓடிப்போய் இறங்கிவிட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு முறை கிடையாது, யார் முந்துகிறோமோ அவர்தான்.

நீங்கள் போவதாக இருந்தால், சனிக்கிழமையை உங்கள் நாட்டுக்காரர்களோடு மட்டும் கழித்துவிடாதீர்கள். விளையாட்டோ இசையோ, ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள். வீட்டில் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; விருந்தாளிக்கு வேலை சொல்ல அவர்களாக வரமாட்டார்கள்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'இத்தேகிமாஸ்' என்று சொல்வார்கள். அப்படியே நம் 'போயிட்டு வரேன்'. உள்ளேயிருந்து 'இத்தேராஷ்ஷாய்' என்று பதில் வரும், போயிட்டு வா. மார்ச் மாதம் கனஸாவா ரயில் நிலையத்தில், விடைபெறும்போது சொல்வதற்கு 'சாயோனாரா'வை மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். ரயில் வந்தது. அந்த அம்மா என் மஃப்ளரைச் சரிசெய்துவிட்டு, தினமும் பள்ளிக்கு அனுப்பும் அதே குரலில் 'இத்தேராஷ்ஷாய்' என்றார்.