உங்கள் மகள் ஏன் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்?

கேள்வி: மனிதனுக்கு ‘நான்’ என்ற உணர்வு வந்த உடனேயே ‘நீ’யும் வந்துவிடுகிறது. இரண்டும் வந்தால் ஒப்பீடு வரும், ஒப்பீடு வந்தால் மேல் கீழ் வரும். அப்படியானால் தன்னுணர்வு உள்ள எந்தச் சமூகத்திலும் ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாததுதானே? சமத்துவம் பேசுவது இயற்கையோடு மல்லுக்கட்டுவது இல்லையா? என் வீட்டிலேயே பார்க்கிறேன். ஒரு வருடமாக என் ஏழு வயது மகள் என்னிடம் எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் இடம் எது என்று அந்த வயதிலேயே தெரிந்துவிடுகிறது பாருங்கள். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது, பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: தம்பி, ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் நாலே முக்கால் பக்கம் மனித குலத்தைப் பற்றி, மகளைப் பற்றி நாலு வரி. நான் அந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இது எனக்குப் புதிய கடிதம் இல்லை. மேல் கீழ் எல்லாம் இயற்கை என்று நிரூபிக்கச் சொல்லி எனக்கு எழுதியவர்களில், கீழே இருந்துகொண்டு எழுதியவர் ஒருவரைக்கூட இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

சரி, கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வரிசை போடுவதற்குத் தன்னுணர்வே தேவையில்லை. நார்வே விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் கோழிகளைப் பற்றி எழுதினார்: எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது யாரிடம் கொத்து வாங்கிக்கொண்டு பேசாமல் ஒதுங்க வேண்டும் என்று ஒரு கூட்டத்துக்குள் தெளிவான வரிசை இருந்தது. குளவிகளிலும் இப்படி உண்டு. அவை ‘நான் யார்’ என்று யோசித்தா வரிசையில் நின்றன? இன்னொரு பக்கம், கண்ணாடியில் தெரிவது தானே என்று கண்டுகொள்ளும் ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கு பெரும்பாலும் தனியாகவே காலம் தள்ளுகிறது. ஆக, ‘நான்’ வந்ததால் வரிசை வந்தது என்ற உங்கள் சங்கிலி முதல் கண்ணியிலேயே விட்டுப்போகிறது.

ஒப்பீடு இல்லையா என்றால், இருக்கிறது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவும், தாமும் பார்க்கப்பட வேண்டும் என்று ஆசைப்படவும் தொடங்கியதுதான் ஏற்றத்தாழ்வை நோக்கிய முதல் அடி என்று தத்துவவாதி ரூசோ 1755-இலேயே எழுதிவிட்டார். (தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டுவிட்டு, பிறகு குழந்தை வளர்ப்பைப் பற்றி நீளமாக எழுதியவரும் அவர்தான். மனித குலத்தின் மேல் அதிக அக்கறை காட்டுகிறவர்களைக் கண்டால் நான் முதலில் அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.) ஆனால் அவர் சொன்னதும் பாதிதான். குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சாயப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்துவார்கள், தெரியுமா? பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் குழந்தை கண்ணாடியை விட்டுவிட்டுத் தன் மூக்கைத் தொடும். ஏறக்குறைய அதே பருவத்தில்தான் அழுகிற இன்னொருவரிடம் போய்ப் பொம்மையை நீட்டுகிறது, தட்டிக்கொடுக்கிறது. ‘நான் வேறு, நீ வேறு’ என்று தெரிந்த பிறகுதான் ‘உனக்கு வலிக்கிறது’ என்பதும் தெரிகிறது. நீங்கள் ஒப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டீர்கள்.

ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் குங் இன வேட்டைக்காரர்களோடு இருந்த மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ 1969-இல் ஒரு அனுபவத்தை எழுதினார். அவர்களுக்கு விருந்து வைக்க நல்ல கொழுத்த மாடாகப் பார்த்து வாங்கினால், ‘இது வெறும் எலும்பு மூட்டை’ என்று ஆளாளுக்குக் கேலி. மனிதர் நொந்துபோனார். பிறகுதான் தெரிந்தது, பெரிய வேட்டையோடு வருகிற தங்கள் ஆட்களையும் அவர்கள் இப்படித்தான் நடத்துகிறார்கள் என்று. நிறைய இறைச்சி கொண்டுவருகிறவன் தன்னைத் தலைவன் என்று நினைத்துக்கொள்வான், அந்த நினைப்பு ஒருநாள் யாரையாவது கொல்லும், அதனால் அவன் மனதை முதலிலேயே குளிரவைத்துவிடுகிறோம் என்றார்கள். மேலே ஏறத் துடிக்கிற ‘நான்’ தங்களுக்குள்ளும் இருக்கிறது என்று தெரிந்ததால்தான் அவர்களால் அதைத் தட்டி வைக்க முடிந்தது. தன்னுணர்வை அப்படியும் பயன்படுத்தலாம்.

கேள்வி முடிந்தது. இனி மகள்.

அவள் உங்கள் முகத்தைப் பார்ப்பதைத் தன்னுணர்வு என்கிறீர்கள். இல்லை, அது காவல். குரங்குக் கூட்டங்களைக் கவனித்தவர்கள் சொல்வது இது: கீழே இருப்பது மேலே இருப்பதன் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கும், எப்போது அடி விழும் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். இதை எழுதும்போது உங்களுக்குக் கை நடுங்கியிருக்க வேண்டாமா? நீங்கள் என்னவென்றால் ‘பாருங்கள்’ என்று உதாரணமாக எடுத்து நீட்டுகிறீர்கள். சொந்த மகளின் பயத்தை ஒரு கோட்பாட்டுக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள்.

‘ஒரு வருடமாக’ என்ற வார்த்தையும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஆறு வருடம் அந்தக் குழந்தை முகம் பார்க்காமல்தான் பேசியிருக்கிறது. இயற்கை என்றால் ஆறு வருடம் எங்கே போயிருந்தது? போன வருடம் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. கத்தினீர்களா, கையை ஓங்கினீர்களா, இல்லை அவள் சொல்ல வந்ததை நாலு பேர் முன்னால் கேலி செய்தீர்களா? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஐந்து பக்கத்தில் அதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

பெற்றவர்களுக்கு அதிகாரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வகை நவீனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. குழந்தை எப்போது தூங்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதை அப்பாவும் அம்மாவும்தான் சொல்ல வேண்டும், அவள் முரண்டு பிடித்தாலும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த இடம் உங்களுக்குச் சுமக்கத்தான் கொடுக்கப்பட்டது. உங்களைவிடப் பலம் குறைந்த ஒரு உயிரைப் பார்த்துக்கொள்ளும் கடமை அது, ஏறி உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொள்ளும் பதவி இல்லை. அதை நீங்கள் பதவியாக அனுபவிக்கத் தொடங்கிவிட்டீர்கள், அதற்கு இயற்கையிடம் ரசீது கேட்கிறீர்கள்.

கென்யாவில் ஆய்வாளர் ராபர்ட் சபோல்ஸ்கி கவனித்து வந்த பபூன் குரங்குக் கூட்டம் ஒன்று உண்டு. 1980-களில், குப்பைமேட்டில் கிடந்த காசநோய் இறைச்சியைத் தின்று அந்தக் கூட்டத்தின் முரட்டு ஆண்கள் செத்துப்போயின. சண்டை போட்டு அந்தக் குப்பையைப் பிடித்துக்கொண்டவை அவைதான். மிஞ்சிய கூட்டம் சாதுவானது. வரிசை முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் கீழே இருந்தவை வாங்கும் அடியும் தொல்லையும் குறைந்தன. ஆச்சரியம் என்னவென்றால், பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஆண்களும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டன, பத்து வருடம் கழித்தும் அது அப்படியே இருந்தது. பபூன் கூட்டம் மாற முரடர்கள் சாக வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அந்த அளவுக்கு எதுவும் வேண்டாம், நீங்கள் ஒருமுறை மன்னிப்புக் கேட்டால் போதும்.

இன்று இரவே கேளுங்கள். நின்றுகொண்டு கேட்காதீர்கள், அவள் கண்ணுக்குக் கீழே உங்கள் கண் இருக்கும்படி தரையில் உட்காருங்கள். ‘நீ என்னைப் பார்த்துப் பயப்படும்படி நான் நடந்துகொண்டேன், அது என் தப்பு’ என்று சொல்லுங்கள். ‘ஆனால் நீயும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் உடனே வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். கொஞ்ச நாள் இன்னும் அதிகமாகக்கூட முகத்தைப் பார்ப்பாள், நிஜமா என்று சோதிக்க.

அப்புறம் எனக்கு எழுதுங்கள். மனித குலம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். போன வருடம் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.