கொரோனா வந்து போன கையோடு கால் எலும்பு முறிந்தால் ரத்தம் உறையும் ஆபத்து அதிகமா?

அதிகம்தான். உங்கள் வீட்டில் யாரோ கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்றே நினைத்து எழுதுகிறேன்.

2021 மே மாதம் என் அண்ணனுக்குக் கொரோனா. வீட்டிலேயே இருந்து தேறிவிட்டார். ஜூன் கடைசியில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையில் பைக் ஏறி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தொடை வரை மாவுக்கட்டு. கொரோனா வந்ததா என்று கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை.

கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள் உப்பிப் பளபளத்தன. "கட்டுப் போட்டா வீங்கத்தானே செய்யும்" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். அண்ணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்ததற்கே அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி; அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்திருந்தது. பிழைத்தது அண்ணியின் பிடிவாதத்தால்.

ரத்தம் ஓடாமல் தேங்குவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறைகிற நிலைக்குப் போவது: ரத்தக்கட்டிக்கு வழி இந்த மூன்றும். உடைந்த காலை அசைக்காமல் வைத்தாலே முதல் இரண்டும் வந்துவிடும். மூன்றாவதைக் கொரோனா ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருக்கும். சுவீடனில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கொரோனா நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. காலில் ரத்தக்கட்டி வரும் அபாயம் 3 மாதம் வரையும், நுரையீரலில் 6 மாதம் வரையும் கூடுதலாக இருந்ததாம்.

"நீ என்ன டாக்டரா" என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. தடுப்பூசியைப் பற்றியும் நான் பேசவில்லை. எல்லோரும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. தலையில் அடிபட்டவருக்கு அதுவே ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். வந்தது டெங்கு என்றால் கதையே வேறு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் கசியும் பயம்தான் அங்கே பெரிது. அதனால் என்ன காய்ச்சல், எப்போது வந்தது என்பதை எலும்பு டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி தேவையா என்றும் கேளுங்கள். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே கிளம்புங்கள்.