மிதித்தவர்களின் பெயர்

அன்புள்ள அம்மா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்களுக்கு ஆர்டர் தரும் இங்கிலாந்துக்காரர் ஒருவருடைய குடும்பப்பெயர் வாக்கர். எங்களுக்குள் அவரை 'நடையர்' என்று சொல்லிச் சிரிப்போம். இந்தப் பெயர் எப்படி வந்தது? ஏன் அங்கே இத்தனை பேருக்கு இருக்கிறது? அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றும். நடை, காடு, குன்று என்று எவ்வளவு சுத்தமான பெயர்கள்! நமக்கோ பெயருக்குப் பின்னால் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவதென்றும் குழப்பம். என் மகனுக்கு எண்கணிதப்படி நல்லதாக ஒரு குடும்பப்பெயர் வைக்கலாமா?

ரா., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

எண்கணிதத்தை விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுங்கள், நம் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்த இரண்டுக்கும் இவ்வளவு போதும்.

வாக்கர் என்ற பெயரைப் பார்த்ததும்தான் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். போன மாதம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது. கனத்த ஜமக்காளம் ஒன்றைத் தொட்டியில் ஊறப்போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மிதித்தேன். சின்ன வயதில் பாட்டி வீட்டில் மிதித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். பத்து நிமிஷத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இந்தப் பெயர்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் வாக்கர் நடந்தவர் இல்லை தம்பி. மிதித்தவர்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. இழைகள் விலகிக் கிடக்கும். ஆட்டு ரோமத்தின் பிசுக்கும், நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் கையில் ஒட்டும். அதனால் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, ஒருவகைக் களிமண்ணையும் நாள்பட்ட மனிதச் சிறுநீரையும் சேர்த்து, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீர் பழசாகும்போது அதில் அம்மோனியா உண்டாகும், அது பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்க ரோமங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். குளிர்காற்று உள்ளே புகாது. வட இங்கிலாந்தில் இருக்கும் யார்க்‌ஷயரில் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் வீடு வீடாகச் சிறுநீர் சேகரித்தார்கள். லாண்ட் என்று அதற்குத் தனிச்சொல்லே உண்டு.

இதைத்தான் நீங்கள் சுத்தமான பெயர் என்கிறீர்கள். உங்கள் மேல் கோபம்கூட வருகிறது. காம்பேக்டிங் ஆகாத துணியைக் கட்டிங் டேபிளுக்கு அனுப்புவீர்களா? சட்டையான பிறகு சுருங்கக் கூடாதென்று முன்கூட்டியே சுருக்கி வைக்கிறீர்கள் இல்லையா? அந்த வேலையின் ஏதோ ஒரு பாட்டன் பெயரைத்தான் உங்கள் வாடிக்கையாளர் சுமந்துகொண்டு வருகிறார். துணி ஊரில் உட்கார்ந்துகொண்டு, துணிக்காரப் பெயரைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

பழைய ஆங்கிலத்தில் வெயால்கன் என்றால் உருட்டுவது, புரட்டுவது. துணியை மிதித்துப் புரட்டியவர் வெயால்கெரே. காலால் நடப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. இதே வேலைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர். தென்கிழக்கில் ஃபுல்லர், அது லத்தீன் வழியாக வந்தது. தென்மேற்கில் டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். அந்தச் சொல்லின் வேரைப் பிடித்துப் போனால் வதைப்பது, துன்புறுத்துவது என்று பொருள். துணியை அவர்கள் படுத்திய பாடு அப்படி! டெவனில் இருக்கும் எக்ஸிட்டர் நகரில் 1471-இல் நெசவாளர்களும் டக்கர்களும் கட்டிய மண்டபம் டக்கர்ஸ் ஹால் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. மூன்றில் வாக்கரே அதிகம் பரவியது. வட இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேர்ந்து அதற்குப் பெரிய நிலப்பரப்பு கிடைத்தது. இன்றும் இங்கிலாந்தில் அதிகம் வழங்கும் குடும்பப்பெயர்களில் முதல் 20-க்குள் அது இருக்கிறது. நீங்கள் கேட்ட 'ஏன் இத்தனை பேர்' என்பதற்கு, அந்நாளில் கம்பளிதான் அந்த நாட்டின் சோறு என்பதே பதில். லண்டனில் பிரபுக்கள் சபைக்குத் தலைமை தாங்குபவர் இன்றும் கம்பளி அடைத்த மூட்டை மேல்தான் உட்காருகிறார்.

ஃபுல்லர் மிதித்த அந்தக் களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். நம் மளிகைக் கடையில் முல்தானி மட்டி என்று பாக்கெட் போட்டு விற்பது அதுதான். முகத்தில் பூசிக்கொள்ளும்போது யாருக்கும் தொட்டி நினைவு வருவதில்லை.

என்னை வாரக்கணக்கில் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. இங்கிலாந்தில் சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப்பெயர் பரம்பரையாக நிலைத்தது பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். ஊருக்குப் பத்து ஜான், பத்து வில்லியம் இருந்தால் வரி வாங்குபவர் என்ன செய்வார்? 1379-இல் தலைவரி போட்டபோது எழுதிய யார்க்‌ஷயர் பட்டியலில் பலருக்குத் தொழிலையும் சேர்த்தே எழுதினார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே ஆற்றோரங்களில் தண்ணீரால் ஓடும் ஆலைகள் வந்துவிட்டன. மரச் சம்மட்டிகள் ஏறி இறங்கித் துணியைக் குத்தும். டெம்ப்ளர்கள் என்ற கிறிஸ்தவத் துறவிப் போர்வீரர்கள் 1185-இல் எடுத்த சொத்துக் கணக்கிலேயே யார்க்‌ஷயரில் ஒன்றும் குளஸ்டர்ஷயரில் ஒன்றும் இருக்கின்றன. வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்குப் பாண்டி என்று பெயர், டோனிபாண்டி என்ற ஊர்ப்பெயரில் இருப்பது அதுதான். ஆக, கால் தொட்டியை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த காலத்தில்தான் பெயர் குடும்பத்தோடு ஒட்டியது. பரம்பரைப் பெயராக வாக்கர் என்பதைப் பெற்றவர்களில் எத்தனையோ பேர் ஆலையைப் பார்த்துக்கொண்டவர்களாகவே இருந்திருப்பார்கள். மிதித்தது அவர்களுடைய தாத்தாக்களும் பாட்டிகளும். அந்தக் கால்களுக்கு வேறு எந்த நினைவும் கிடையாது, இந்தப் பெயரைத் தவிர.

இப்போது சாதிக்கு வருகிறேன். பெயரில் தொழில் இருப்பது நமக்கு மட்டும் வந்த தலைவிதி என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் தொழில்தான், அதுவும் மூத்திரத் தொட்டியில் நின்ற தொழில். ஆனால் 1820-இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் ஜான் வாக்கர் என்ற பையன் மளிகைக் கடை எடுத்து நடத்தியபோது, 'உன் பெயர் வாக்கர், நீ போய்த் துணி மிதி' என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கடையிலிருந்து வந்த ஜானி வாக்கர் விஸ்கிக்கு 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் விறுவிறுவென்று நடக்கும் மனிதரை வரைந்தார். உங்கள் 'நடையர்' அந்தப் படத்திலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அங்கே பெயர் ஒட்டிக்கொண்டது, தொழில் கழன்றுவிட்டது. இங்கே நாம் 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டுச் சாதிப் பெயரைக் கழற்றினோம். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் தொழிலைக் கழற்றினோமா? யாருக்கு?

எங்கள் பாட்டி வீட்டுக்கு வெளுக்க ஒரு அம்மா வருவார். பாட்டியைவிட மூத்தவர். நான் ஆறு வயதில் அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். வீட்டில் யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. தொழிலின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம், அதுதான் அவருடைய பெயர் என்றே நினைத்திருந்தேன். சோடாவில் நின்று நின்று அவர் பாதம் வெளுத்து, குதிகால் வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் மெழுகை உருக்கி விட்டுக்கொள்வார். கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போனபோது தெருமுனைச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். முகம் தெரிந்தது. பெயரைப் படித்தேன். அழகான பெயர். பதினாலு வருஷம் பழகியவருடைய பெயரை, அவர் போன பிறகு சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, உங்கள் மகனுக்குக் குடும்பப்பெயர் வேண்டாம், உங்கள் பெயரே அவனுக்குப் போதும். வாக்கர் அடுத்த முறை திருப்பூர் வரும்போது, அவர் குடும்பத்துக்கு எந்த ஊர் என்று கேளுங்கள். வடக்கு என்று சொன்னால் நான் எழுதியதையெல்லாம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அப்புறம் அவரைக் காம்பேக்டிங் மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நிற்பவரை 'ஆபரேட்டர்' என்று சொல்லி அறிமுகப்படுத்தாதீர்கள். அவருடைய பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இன்றைக்கே போய்க் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்