கடன் பணம் 14 வாரத்துக்கா, 22 வாரத்துக்கா?

கேள்வி: ஐயா, நான் வங்சா மாஜுவில் மூன்று நண்பர்களோடு தங்கி, கோலாலம்பூர் நகர மையத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் புதிய செமஸ்டர் தொடங்குகிறது. கட்டணம் போக பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடனில் 2,400 வெள்ளி கைக்கு வரும். அப்பா மாதம் 400 வெள்ளி அனுப்புகிறார். வார இறுதியில் ஒரு காப்பிக் கடையில் வேலை செய்து மாதம் 320 வெள்ளி கிடைக்கிறது. மாதம் மூன்று தமிழ்ப் படமாவது தியேட்டரில் பார்த்துவிடுவேன். கென்ஷின் இம்பாக்ட் விளையாடுகிறேன், அதற்கு அவ்வப்போது டாப் அப். ஜிடிஏ 6 விளையாட்டு வரப்போவதால் 2,100 வெள்ளிக்கு ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்க ஆசை. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ முறையில் 12 மாதத் தவணை, மாதம் 1.5 விழுக்காடுதான் என்கிறார்கள். லேப்டாப்பும் பழசு. போன செமஸ்டரில் பத்தாவது வாரமே பணம் தீர்ந்துவிட்டது. எங்கே தவறு செய்கிறேன்? (மாணவர், கோலாலம்பூர்)

பதில்: தம்பி, முதல் தவறு வகுத்தலில் இருக்கிறது. விரிவுரை 14 வாரம் என்பதால் 2,400-ஐ 14-ஆல் வகுத்து, வாரத்துக்கு 171 வெள்ளி இருக்கிறது என்று மனக்கணக்கு போட்டிருப்பீர்கள். பெரும்பாலான மாணவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பணம் ஓட வேண்டிய தூரம் 14 வாரம் இல்லை. நடுவில் ஒரு வார விடுப்பு, படிப்பதற்கு ஒரு வாரம், தேர்வு இரண்டு மூன்று வாரம், பிறகு செமஸ்டர் விடுமுறை. அடுத்த செமஸ்டர் தொடங்கிய அன்றே கடன் பணமும் வந்துவிடாது. உங்கள் தேர்ச்சியையும் பதிவையும் கல்லூரி உறுதி செய்து அனுப்பிய பிறகுதான் வரும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே அடுத்த பணம் கணக்கில் ஏறும் நாள்வரை எண்ணுங்கள். உங்கள் நிலையில் அதை 22 வாரம் என்று வைக்கிறேன். 2,400-ஐ 22-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 109 வெள்ளி. 109 மட்டுமே இருக்கும்போது 171 இருப்பதாக நினைத்துச் செலவு செய்தால், பத்தாவது வாரத்தில் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

சராசரிப் புள்ளி 2.00-க்குக் கீழே போனால் அடுத்த தொகையே நிற்கும். கேமுக்கு ஒதுக்கும் நேரத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது அப்பா அம்மாவின் வேலை. ஆனால் இந்த 2.00 ஒரு நிதி நிபந்தனை, அதனால் சொல்லிவைக்கிறேன்.

இனி முழுக் கணக்கு. 22 வாரம் என்றால் ஏறக்குறைய ஐந்து மாதம். கடன் பணம் 2,400, அப்பா தருவது 2,000. பகுதி நேர வேலையை நான்கு மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தேர்வு மாதத்தில் நீங்கள் ஷிப்ட் எடுக்கக் கூடாது. அது 1,280. ஆக மொத்தம் 5,680 வெள்ளி.

செலவுப் பக்கம், நீங்கள் அறை வாடகையைச் சொல்லவில்லை. தண்ணீர், மின்சாரம், இணையத்தோடு உங்கள் பங்கு மாதம் 380 என்று வைக்கிறேன், ஐந்து மாதத்துக்கு 1,900. சாப்பாடு நாளுக்கு 15 வெள்ளி, 22 வாரத்துக்கு 2,310. காலையில் ஒரு நாசி லெமாக், மதியம் கலப்புச் சோறு, இரவு அறையில் சமையல் என்றால் இது தாங்கும். மூன்று வேளையும் கிராப்பில் வரவழைத்தால் தாங்காது. ரயிலுக்கும் பேருந்துக்கும் மை50 பாஸ், மாதம் 50 வீதம் 250. கைப்பேசி 175. அச்சு, எழுதுபொருள், குழு வேலைக்கு 150. கூட்டினால் 4,785. மிச்சம் 895 வெள்ளி.

இந்த 895-இல் 300-ஐ உடனே தனியாக எடுத்து வையுங்கள். பல்வலி, உடைந்த கைப்பேசித் திரை, திடீரென்று ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட், எல்லாம் இதில்தான். மீதி 595. வாரத்துக்கு 27 வெள்ளி, மாதத்துக்கு 119. படம், கேம், நண்பர்களோடு மாமாக் கடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான். குறைவாகத் தெரியும். ஆனால் இது குற்ற உணர்ச்சி இல்லாமல் செலவு செய்யக்கூடிய 119.

இப்போது அந்தப் பிளேஸ்டேஷன். மாதம் 1.5 விழுக்காடு என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 2,100-க்கு 1.5 விழுக்காடு 31.50 வெள்ளி. அசலில் 12-இல் ஒரு பங்கு 175. மாதத் தவணை 206.50, ஓராண்டில் 2,478. கூடுதலாகக் கட்டுவது 378 வெள்ளி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பதினோராம் மாதத்தில் நீங்கள் பாக்கி வைத்திருப்பது 350 வெள்ளிதான், ஆனால் அப்போதும் முழு 2,100-க்கே கட்டணம் போடுவார்கள். குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 31 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இங்கே கிரெடிட் கார்டு வட்டிக்கே உச்சவரம்பு 18 விழுக்காடு. உங்கள் கல்விக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம். 1 விழுக்காட்டுக்கு வாங்கிய கடனை எடுத்து 31 விழுக்காட்டுக் கடனை அடைக்கப் போகிறீர்கள்.

வட்டியை மறந்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. இந்த ஐந்து மாதத்தில் தவணை மட்டும் 1,032.50. உங்களிடம் மிஞ்சுவது 895. அவசரப் பணத்தையும் படத்தையும் மாமாக்கையும் துறந்தாலும் 137.50 இடிக்கிறது. அந்த இடியைச் சாப்பாட்டுக் காசில்தான் ஈடுகட்டுவீர்கள். இன்னொரு விதமாகவும் பாருங்கள்: குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.17 வெள்ளி. 206.50 என்பது மாதம் 25 மணி நேர உழைப்பு. தவணை 12 மாதம் என்பதால் அது அடுத்த செமஸ்டரின் பணத்தையும் இப்போதே பிடித்துக்கொள்கிறது. சினிமா டிக்கெட் அப்படிச் செய்வதில்லை. அதிகமாகச் செலவானாலும் அந்த மாதத்தோடு முடிந்துவிடும். பொழுதுபோக்குக்குத் தவணை மட்டும் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

அவசரமும் இல்லை. ஜிடிஏ 6-க்கு 2026 நவம்பர் 19 என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். முதலில் 2025, பிறகு 2026 மே 26 என்று இருந்து இரண்டு முறை தள்ளிப்போன விளையாட்டு அது. விளையாட்டு வராமலே ஐந்தாறு தவணை கட்டுவதில் என்ன லாபம்? நீண்ட விடுமுறையில் எட்டு வாரம் முழு நேரம் வேலை செய்தால், வாரம் 40 மணி, மணிக்கு 8.17 வீதம் 2,614 வெள்ளி வரும். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போக 2,300 சொச்சம் கையில் நிற்கும். வீட்டில் தங்கி வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் ரொக்கமாகவே வாங்கலாம். வாங்கும்போது டிஸ்க் போடும் வசதி உள்ளதாகப் பாருங்கள். டிஜிட்டல் பதிப்பு சில நூறு வெள்ளி மலிவு என்று ஆசைகாட்டும். ஆனால் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தாதவரை, அதில் பழைய டிஸ்க் வாங்கிப் போடவும் முடியாது, முடித்த விளையாட்டை விற்கவும் முடியாது. மாணவர் பர்ஸுக்கு மறுவிற்பனைதான் பெரிய சேமிப்பு.

படங்களுக்கு வருவோம். டிக்கெட் 22 வெள்ளி என்று வையுங்கள். பாப்கார்னும் பானமும் 20, படம் முடிந்து வீடு திரும்பக் கிராப் கார் 15. ஒரு படத்துக்குப் போய் வர 57, மூன்று படத்துக்கு 171. டிக்கெட் அதில் பாதிகூட இல்லை. அதனால் டிக்கெட்டில் சலுகை தேடுவதைவிட மற்ற இரண்டில் கை வைப்பது லாபம். ஒன்பது மணிக் காட்சிக்குப் போனால், நம் படங்களின் நீளத்துக்கு, வெளியே வரும்போது நள்ளிரவாகிவிடும், ரயில் போயிருக்கும், கிராப்தான் கதி. அதே படத்தை ஆறரை மணிக் காட்சியில் பார்த்தால் மை50-யிலேயே வீடு திரும்பலாம், செலவு பூஜ்யம். புதன்கிழமையில் பெரிய தியேட்டர்களில் டிக்கெட் விலை குறையும். மாணவர் விலையும் உண்டு, அட்டையை எடுத்துப் போங்கள். இணையத்தில் எடுத்தால் டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் முன்பதிவுக் கட்டணம் ஏறும். வார நாளில் கவுண்டரில் எடுத்தாலே இடம் கிடைக்கும்.

எந்தப் படத்துக்குத் தியேட்டர், எதற்குக் காத்திருப்பது? தமிழ்ப் படங்களில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ‘குட் பேட் அக்லி’ 2025 ஏப்ரல் 10-இல் தியேட்டருக்கு வந்தது, மே 8-இல் நெட்ஃபிளிக்ஸில். ‘கூலி’ ஆகஸ்ட் 14-இல் வந்தது, செப்டம்பர் 11-இல் பிரைம் வீடியோவில். இரண்டுக்கும் சரியாக 28 நாள். முதல் நாள் கூட்டத்தோடு விசிலடித்துப் பார்க்க வேண்டிய படம் மாதத்துக்கு ஒன்று இருக்கும், அதற்குப் போங்கள். மற்றவற்றுக்கு நான்கு வாரம் பொறுக்கலாம். ஸ்ட்ரீமிங் சந்தாவை எல்லா மாதமும் ஓடவிட வேண்டாம். பார்க்க வேண்டிய இரண்டு மூன்று படம் சேர்ந்ததும் ஒரு மாதம் எடுங்கள், எடுத்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை அது ஓடும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

கென்ஷின்தான் உங்கள் பட்ஜெட்டில் அபாயகரமான ஓட்டை, ஏனென்றால் அதற்கு விலைச்சீட்டு கிடையாது. அதில் கதாபாத்திரங்கள் குலுக்கலில்தான் கிடைக்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெயர் விஷ். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்க ஒரு விஷ்ஷுக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90-ஆவது விஷ்ஷில் ஐந்து நட்சத்திரம் உறுதி, ஆனால் அது நீங்கள் விரும்பியதாகவே இருக்கும் என்பது உறுதி இல்லை. தவறினால் அடுத்த 90-க்குள் நிச்சயம். மோசமான அதிர்ஷ்டத்தில் 180 விஷ், ஒன்றுக்கு 160 பிரைமோஜெம் (விளையாட்டுக்குள் செல்லும் காசு), ஆக 28,800. 99.99 அமெரிக்க டாலர் பெரிய பொதியில், முதல் முறைச் சலுகையை விட்டுவிட்டால், கிடைப்பது 8,080. நான்கு பொதி வேண்டும். ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு 1,500 வெள்ளிக்கு மேல்! நான் திட்டம் போடும்போது சராசரியை எடுப்பதில்லை, இந்த மோசமான எண்ணைத்தான் எடுப்பேன். “இன்னும் பத்து விஷ்தான்” என்று கை நீள்வது அங்கேதான்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் வெல்கின் மூன் என்ற 30 நாள் சந்தா ஒன்றுதான் மதிப்புள்ளது. 4.99 டாலருக்கு 30 நாளில் 3,000 வரும், பெரிய பொதியோடு ஒப்பிட்டால் ஒரு டாலருக்கு ஏழு மடங்குக்கும் மேல். தினமும் உள்ளே போய் வாங்கிக்கொள்ள வேண்டும், போகாத நாள் வீண். அதனால் தேர்வு மாதத்தில் வாங்காதீர்கள். கணக்கில் வங்கி அட்டையை இணைத்து வைக்காமல், மாதம் ஒரு முறை அந்தத் தொகையை மட்டும் ஏற்றுங்கள். சமூக ஊடகத்தில் பாதி விலைக்கு டாப் அப் செய்து தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். திருட்டு அட்டையில் ஏற்றுவார்கள், அட்டைக்காரர் பணத்தைத் திரும்பப் பெற்றதும் உங்கள் கணக்குதான் முடங்கும்.

கணினி விளையாட்டுகளை ஸ்டீம் இணையக் கடையில் வாங்கினால், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எபிக் கடை வாரம்தோறும் இலவசமாக விளையாட்டு தருகிறது.

பணத்தை இப்படி ஓடவிடுங்கள். அப்பாவின் 400 வந்த அன்றே வாடகை 380, மீதி 20 கைப்பேசிக்கு. கடன் பணம் மட்டும் 22 வாரத்துக்குப் போதாது, அதனால் வேலைச் சம்பளத்தையும் அதே கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கின் அட்டையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, அதிலிருந்து வாரம் 132 வெள்ளி (சாப்பாடு 105, பொழுதுபோக்கு 27) மின்பணப்பைக்குத் தானாகப் போகும்படி செய்யுங்கள். திங்கள்கிழமை போகட்டும். வெள்ளிக்கிழமை வைத்தால் வார இறுதியிலேயே கரைந்து, வியாழன் அன்று மீ கோரெங் சாப்பிடவும் கடன் கேட்பீர்கள். மை50 மாதத்தின் முதல் தேதியிலிருந்து இல்லாமல், நீங்கள் தொடங்கும் நாளிலிருந்து 30 நாள் ஓடும், மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். ஊருக்குப் போகும் வாரத்தில் புதுப்பிக்க வேண்டாம்.

கடைசியாக லேப்டாப். படிப்புக்கான கருவி என்பதால் பிளேஸ்டேஷனுக்கு முன்னால் இது வர வேண்டும். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் சுழல்கிறது என்றால், லோ யாட் கணினி வணிக வளாகத்தில் அதை எஸ்எஸ்டியாக (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) மாற்றிப் பாருங்கள். ஆமை வேகத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். புதிதே வாங்குவதென்றால், அப்பா வருமான வரி கட்டுபவரா என்று கேளுங்கள். வாழ்க்கைமுறை வரிவிலக்கில் பிள்ளைக்கு வாங்கும் கணினியும் அடங்கும், புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2,500 வெள்ளிவரை. 11 விழுக்காட்டு வரிப் படியில் இருந்தால் 275 வெள்ளிவரை மிச்சம். கேம் கன்சோலுக்கு இது கிடையாது. பில் அப்பாவின் பெயரில் இருக்க வேண்டும், ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். கடையில் பணம் கட்டுவதற்கு முன்பே பெயரைச் சொல்லிவிடுங்கள், அச்சடித்த பிறகு மாற்றித் தருவது அந்தக் கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது.